கம்பிக்குள் தாய்மாமன்

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரனுக்குக் கார் பார்க்கப் போயிருந்தோம். கடையில் டை கட்டிய ஒரு பிள்ளை காரின் கதவை விரலால் தட்டிக் காட்டி, "இதுக்குள்ள இரும்புக் கம்பி வெச்சிருக்குதுங்க சார். பக்கவாட்டுல வந்து யாரு இடிச்சாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. புது டெக்னாலஜிங்க" என்றான். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. புதுசாம்! "தம்பி, உங்கப்பன் அரைஞாண் கயிறோட ஓடிட்டு இருந்த காலத்துலயே நான் இதைப் பண்ணியாச்சு" என்று ஆரம்பித்தேன். பேரன் "அப்புச்சி, வேண்டாமுங்க" என்று என் கையைப் பிடித்துக் குடிதண்ணீர் வைத்திருந்த மூலைக்குக் கூட்டிப் போய்விட்டான்.

இதுதான் எனக்கு நடக்கும் மரியாதை. ஐம்பது வருடங்களாக நடக்கிறது. என் குடும்பத்தில் யாரிடம் கேட்டாலும் இந்தக் கதையை ஒரு கோமாளியின் கதையாகத்தான் சொல்வார்கள். நான் கோமாளி வேலை செய்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லவேண்டிய ஒரு பகுதியை மட்டும் எல்லோரும் சேர்ந்து விட்டுவிடுகிறார்கள். அந்த அநியாயத்தைக் கேட்பாரில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. ராயபுரத்தில் (மெட்ராஸ் ராயபுரம் அல்ல, எங்கள் பனியன் ஊர் ராயபுரம்) அப்பா விட்டுப் போன சின்ன பனியன் கம்பெனி, நான்கு மிஷின். அப்பா போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கம்பெனியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்ததோ கோயமுத்தூரில் வாங்கி வந்த ஒரு பழைய மாரிஸ் காரை. அதற்கு இரண்டே கதவு. மெட்ராஸ் பக்கம் அப்போது கார் பந்தயம் நடக்கும். அதில் ஓட்டுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். (பந்தயம் நடத்துகிறவர்களுக்கு அந்தச் சேதி இன்னும் போகவில்லை.)

பந்தயக் காருக்கு ரோல் பார் வேண்டும். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் கூரை நசுங்கி ஓட்டுகிறவன் தலையில் இறங்காமல் இருக்க, இருக்கைக்குப் பின்னால் கெட்டி இரும்புக் குழாயை வளைத்து நிறுத்துவார்களே, அதுதான். வெல்டிங் பட்டறை வைத்திருந்த என் சிநேகிதன் துரைசாமி ஒரே நாளில் அதைச் செய்து கொடுத்தான். அத்தோடு நின்றிருந்தால் நான் இன்றைக்கு மனுசனாக நடமாடிக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்கு மூளை அதிகம். கவிழ்ந்தால் சரி, பக்கத்தில் வந்து மோதினால்?

"மெட்ராசுல எல்லாரும் ஒரே பக்கமாத்தான ஓட்டுவாங்க? குறுக்க வந்து யாரப்பா இடிக்கறது?" என்றான் துரைசாமி.

"இடிச்சா?" என்றேன்.

என் மேல் அவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது. (நான் பி.யு.சி. படித்தவன்.) மேற்கொண்டு கேட்காமல், பின்னால் இருந்த ரோல் பாரிலிருந்து முன்பக்கம் வரைக்கும் கதவுக்கு உள்பக்கமாகப் படுக்கைவாட்டில் குழாய் வைத்தான். ஒரு கதவுக்கு இரண்டு. ஒன்று தொடை உயரத்தில், இன்னொன்று நெஞ்சுக்குச் சற்றுக் கீழே. கதவைத் திறந்தாலும் கம்பி குறுக்கே நிற்கும். மேல் கம்பிக்கும் கூரைக்கும் நடுவில் ஒன்றேகால் அடிச் சந்து.

"அப்பறம் எறங்கறது எப்பிடி?"

"அந்தச் சந்துல" என்று சொல்லி, தலையை முதலில் விட்டு, உடம்பை நெளித்து, கையைத் தரையில் ஊன்றி வெளியே வந்து காட்டினேன். துரைசாமி கடிகாரத்தைப் பார்த்துப் பத்து விநாடி என்றான். நான் போட்டிருந்தது டைட் பேண்ட். இதை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நான் கவனிக்கவில்லை.

இரும்பில் இடித்துக்கொண்டால் வலிக்குமே என்று கம்பிக்கு மெத்தை வைக்கும் யோசனையும் எனக்கே வந்தது. எங்கள் ஊரில் இதற்கு என்ன பஞ்சம்? பனியன் துணி மிஷினிலிருந்து இறங்கும்போதே தையல் இல்லாத குழாயாகத்தான் இறங்கும். சாயம் சரியாக நிற்கவில்லை என்று ஓரமாகப் போட்டிருந்த சிவப்புத் துணி ஒரு கட்டு கம்பெனியில் கிடந்தது. வெல்டிங் வைப்பதற்கு முன்னாலேயே குழாயில் பத்து மடிப்பு மாட்டி நடுவில் சுருட்டி வைத்துவிட்டு, சூடு ஆறியதும் இரண்டு பக்கமும் இழுத்து விட்டோம். கச்சிதமாக உட்கார்ந்தது. வெல்டிங் வைத்த இடத்தில் பிசிறாக நின்றதை அரம் போட்டுத் தேய்க்கவா என்று துரைசாமி கேட்டான். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள், விடு என்றேன்.

இது இப்படி இருக்க, என் அக்கா சரசுவைப் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கொடுத்திருந்தது. அக்கா அந்த வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள். திறக்கவும் விடமாட்டார்கள். அக்காவின் மாமியார் மோர் கேட்டால்கூட உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும். அக்கா மகள் தனத்துக்கு ஒன்றரை வயதில் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். எங்கள் பக்கம் காது குத்துவது என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடும் புதுத்துணியும் மாமன் சீராகத் தாய்மாமன் கையால் வர வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

ஒரு வாரத்துக்கு முன்னால் அக்கா வந்திருந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அத்தை என்ன சொல்றாங்க தெரியுமா தம்பி? 'அப்பன் இல்லாத ஊடு, சீரு எங்க வரப்போகுது? அந்தப் பையன் வரலீன்னா எங்க தம்பி மடியில உக்கார வெச்சுக்கலாம்'ங்கறாங்க. எல்லாரு முன்னாலயும் சொல்றாங்க. அப்பிடி மட்டும் நடந்துச்சுன்னா அப்பறம் நான் அந்த ஊட்டுல நிமிந்து நடக்க முடியாது சாமி. நீ நேரத்துக்கு வந்துரு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"நீ போக்கா, நான் எப்பிடி வர்றேன் பாரு" என்றேன். சொன்னது போலவே ஆயிற்று, எப்படி வந்தேன் என்பதை ஊரே பார்த்தது.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். அம்மா முந்தின நாளே போய்விட்டாள். டவுன் பஸ்ஸில் வா என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். பஸ்ஸிலா? அப்பன் இல்லாத வீடு என்று சொன்ன அந்த அம்மாளுக்கு முன்னால், பந்தயக் காரில் போய் இறங்குவேன்! பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். சீர்த்தட்டுகளைச் சந்து வழியாக உள்ளே தள்ளி, தோட்டுப் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி நானும் நுழைந்தேன். நுழைவதற்கு நாலு நிமிடம் ஆனது. அப்போதாவது ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

பாதி வழியில், இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒரு இட்டேரிப் பாதையிலிருந்து சோளத்தட்டு ஏற்றிய மாட்டு வண்டி தார் ரோட்டுக்கு ஏறியது. நான் ஆரனை அழுத்தினேன். பந்தயத்துக்காக லாரி ஆரன் மாட்டியிருந்தேன். மாடுகள் மிரண்டு நேராக என் மேலேயே திரும்பின. கடைசி நொடியில் அவை ஒதுங்க, நுகத்தடியின் முனை என் வலது கதவில் வந்து படீரென்று இறங்கியது. கதவு உள்ளே நசுங்கிக்கொண்டு வந்தது. கம்பி வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது!

மகா ஜனங்களே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கம்பி மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு என் விலா எலும்பு குறைந்தது இரண்டு போயிருக்கும். எனக்கு ஒரு கீறல் இல்லை. மாடுகளுக்கும் ஒன்றுமில்லை. உலகத்தில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றி, நான் செய்த பொருள் என்னையே காப்பாற்றியிருக்கிறது. ஆனந்தத்தில் நான் உள்ளே இருந்தபடியே கத்தினேன்.

வண்டிக்காரர் இறங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் அடிக்க வந்தாலும் மரியாதை குறையாது. "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா? இப்பிடியாங்க ஆரன் அடிக்கறது? மாடு என்னத்துக்குங்க ஆகும்?"

"அதை விடுங்க. இங்க பாருங்க, இந்தக் கம்பியப் பாருங்க. இது இல்லீன்னா நான் செத்திருப்பேனுங்க!"

அவர் குனிந்து பார்த்தார். "இது இருக்கற தைரியத்துலதானுங்க இந்த வரத்து வர்றீங்க" என்றார்.

நான் விடவில்லை. கதவு எத்தனை அங்குலம் உள்ளே வந்திருக்கிறது, கம்பி எத்தனை நூல் வளைந்திருக்கிறது என்று விரலால் அளந்து காட்டினேன். ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருபது நிமிடம் போயிற்று. அக்கா நினைப்பு வந்து வண்டியைக் கிளப்பினபோது மணி பத்து ஆகப் போகிறது.

அவர்கள் குலதெய்வக் கோயில் வாசலில் போய் நிறுத்தினபோது விசேசத்துக்கு வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. உள்ளே கோரைப்பாயில் அக்கா மாமியாரின் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார், மடியில் ஒரு துண்டு விரித்துக்கொண்டு. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி மலர்ந்தது! அடுத்த ஐந்து நிமிடத்தில் அதை நானே வாட வைத்தேன்.

வலது கதவு நசுங்கி இறுகிவிட்டது, ஜன்னலில் கைகூட நுழையாது. சரி, இடது பக்கம். கதவைத் திறந்து சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினேன், வாங்கிக்கொண்டார்கள். தோட்டுப் பெட்டியைக் கொடுத்தேன். பிறகு தலையை வெளியே விட்டேன். தோள் வந்தது. இடுப்பு வந்தது. வேட்டி வரவில்லை. அரம் போடாமல் விட்ட பிசிறு ஒன்று வேட்டியின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டது. இன்னும் ஒரு சாண் நான் வெளியே வந்தால் வேட்டி காருக்குள்ளும் நான் கோயில் வாசலிலும் இருப்போம். உள்ளே நான் போட்டிருந்தது எங்கள் கம்பெனி ஜட்டி. அதற்கு இத்தனை பெரிய விளம்பரம் அப்பாவாலும் கொடுத்திருக்க முடியாது.

தலைகீழாகத் தொங்கியபடி, "எல்லாரும் சித்தெ அக்கட்டால திரும்பிக்குங்க" என்றேன். இருந்தவர்களும் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

உள்ளே போய் விடுவித்துக்கொண்டு மறுபடி வந்தேன், மறுபடியும் கவ்வியது. மானம் பெரிதா, மடி பெரிதா என்று யோசித்துவிட்டு உள்ளேயே ஊர்ந்து போய் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறது. வெளியே ஆளுக்கொரு யோசனை. கம்பியை அறுக்கலாம் என்று ஒருவர் சமையல் கட்டிலிருந்து அரிவாள்மனையைத் தூக்கி வந்தார். இரும்பை அறுக்க!

"நேரமாவுதுங்க" என்றார் காது குத்த வந்திருந்த ஆசாரி. மணி பத்தேகால்.

"நான்தான் அப்பவே சொன்னேனல்லொ" என்றார் அக்காவின் மாமியார், எல்லோருக்கும் கேட்கும்படி. "மாமங்காரனை நம்பினா இப்பிடித்தான். புள்ளையக் கொண்டுட்டுப் போயி எங்க தம்பி மடியில வைங்க."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். ஜெயிலில் இருப்பவனைப் பார்க்க வந்தவள் மாதிரி அவளும் என்னைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் ஜட்டியாவது ஒன்றாவது என்று குதித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். குதித்தேனா? இல்லை. அதற்கு இன்றைக்கு வரைக்கும் வெட்கப்படுகிறேன்.

அக்கா நடந்து வந்தாள். உள்ளே போகிறாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவள் நேராகக் காரிடம் வந்தாள்.

"மாமன் மடிதானுங்க அத்தை வேணும்?" என்றாள். அவள் குரல் அத்தனை சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. "மடி உள்ளதான் இருக்குது. மாமன் எறங்கித்தான் ஆகோணும்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்லீங்க. ஆசாரி, இக்கட்டால வாங்க!"

சொல்லிவிட்டு, தனத்தைச் சந்து வழியாக என் மடியில் இறக்கினாள். ஆசாரி தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்புறம் ஒரு பெரியவர், "புள்ளை கெழக்கப் பாத்தல்லொ உக்காரோணும்? காரு தெக்கப் பாத்து நிக்குது" என்றார். அதுவும் நியாயம்தான். தலையில் உருமாலைக் கட்டிய பங்காளிகள் நான்கு பேர், சமையல்காரர், மேளக்காரர் எல்லோருமாகச் சேர்ந்து காரைத் தள்ளி, முன்னும் பின்னும் இழுத்து, கிழக்கே திருப்பி நிறுத்தினார்கள். தள்ளுவதற்குத் தோதாக நாதஸ்வரம் வேறு ஒலித்தது. தனம் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஊஞ்சல்.

இடது காது பக்கத்திலேயே இருந்தது. ஆசாரி இரண்டு கம்பிக்கும் நடுவில் கையை விட்டுச் சுலபமாகக் குத்திவிட்டார். வலது காதுக்கு என்ன செய்வது? குழந்தையைத் திருப்பினால் மேற்கே பார்க்கும். மணி பத்து இருபத்தைந்து. அறுபது வயது ஆசாரி "முருகா" என்று சொல்லிக்கொண்டு, மேல் கம்பியில் வயிற்றைக் கொடுத்து, பாதி உடம்பு உள்ளேயும் கால் இரண்டும் வெளியே ஆகாயத்திலுமாகப் படுத்தார். விழாமல் இருக்க அவர் காலை அக்காவின் மாமனார் பிடித்துக்கொண்டார். தனம் வீறிட்டாள். குத்தியாயிற்று! ராகு காலத்துக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. கெட்டிமேளம் கொட்டினார்கள்.

ஆசாரியைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்ததும் அக்காவின் மாமியார் "ஐயோ, ரத்தம்!" என்று அலறினார். ஆசாரியின் வெள்ளைச் சட்டையில் வயிற்றுக்குக் குறுக்காகச் சிவப்புக் கோடு. தனத்தின் பாவாடையில், அக்காவின் இரண்டு கையில், என் பட்டு வேட்டியில் எல்லாம் சிவப்பு. ஆளாளுக்கு எங்கே அடி என்று தடவிப் பார்க்கிறார்கள். ஆசாரி தன் வயிற்றைத் தானே அமுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"சாயமுங்க அத்தை" என்றேன் காருக்குள்ளிருந்து. "நம்ம கம்பெனித் துணிதானுங்க. வேர்வையில எறங்கிருச்சுங்க."

முதலில் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் கூடப் பிறந்தவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மாமனார் சிரித்தார். கடைசியில் அந்த அம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பந்தியில் எனக்கு மட்டும் காரிலேயே இலை போட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று நான் ரசம் சாப்பிடுவதைப் பார்த்தன. சாப்பிட்டு முடித்து அப்படியே ராயபுரம் வந்து, காரைக் கம்பெனிக்குள் விட்டு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, வேட்டியை அவிழ்த்துப் போட்டு வெளியே வந்தேன். ஐந்து விநாடிதான் ஆனது. துரைசாமி இருந்திருந்தால் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பான். பந்தயத்துக்கு அம்மா போக விடவில்லை. காரைக் கம்பியோடு விற்றுவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டு விசேசத்திலும் மாமன் வந்தாச்சா என்று கேட்பதில்லை. "மாமன் எறங்கியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். நேற்று கல்யாணமாகி வந்த மருமகள்கள்கூடக் கேட்கிறார்கள். அக்காவின் மாமியார் சாகிற வரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆசாரியின் காலை ஆட்டிக் காட்டி இந்தக் கதையைச் சொன்னார். ஒருவராவது, ஒரே ஒருவராவது, அந்த மாட்டு வண்டியைப் பற்றிச் சொன்னதுண்டா?

போன தையில் தனத்தின் பேத்திக்குக் காது குத்தினார்கள். அக்காவுக்கு இப்போது எண்பது ஆகிறது. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்து, பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏனுக்கா, அந்தக் கம்பி அன்னிக்கு என்னையக் காப்பாத்துச்சே, அதைய ஏன் யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

அக்கா இடிப்பதை நிறுத்தினாள்.

"உன்னையவா காப்பாத்துச்சு? போடா பைத்தியக்காரா. நீ ஒழுங்கா எறங்கி வந்திருந்தீன்னா நான் அந்த ஊட்டுல இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."